வெளிநாடு என்று நான்தான் சொன்னேன்

எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஓசூருக்கு அருகே உத்தனப்பள்ளிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நிலங்களில் ஏற்றுமதி ரோஜாவுக்காக பிளாஸ்டிக் கூரை போட்ட பாலி ஹவுஸ்கள் எழும்பியபோது, அம்மா களையெடுத்த இடத்திலேயே நான் பூக்களைத் தண்டு நீளம் பார்த்துப் பிரிக்கும் கூடத்தில் சூப்பர்வைசர் ஆனேன். தெலுங்கும் கன்னடமும் தெருவிலேயே வந்துவிட்டன. இந்தியை நானே புத்தகம் வாங்கிப் படித்தேன். “எம் பொண்ணு நாலு பாஷை பேசும்” என்று அப்பா டீக்கடையில் சொல்வார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெருமைதான் ஒரு மனிதரை ரயிலேற்றப் பார்த்தது.

நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் கடைசி அறையில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. மேற்கு வங்காளத்தில் மால்டா பக்கம் ஏதோ கிராமம். கணவர் பூ வெட்டுவார். மனைவி என் கூடத்தில் முள் நீக்குவாள். ஐந்து வயதில் ஒரு மகள். ஜனவரிக் கடைசியில், வங்காளம் பேசுகிறவர்களெல்லாம் பங்களாதேஷிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்று சொல்லி போலீஸ் அறை அறையாகத் தேடியது. அந்தக் கணவருடைய வாக்காளர் அட்டை ஊரில் இருந்தது. அது போதும், கூட்டிக்கொண்டு போனார்கள். இந்தி தெரிந்த ஆள் வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கையில் பேனாவுடன் போனேன்.

“எந்த நாடுன்னு கேளும்மா” என்றார் எஸ்.ஐ.

உங்கள் தேஷ் எது என்று இந்தியில் கேட்டேன். தன்னோடு பேச ஒரு ஆள் கிடைத்த நிம்மதியில் அவர் நிறையச் சொன்னார். தேஷ் ரொம்ப தூரம். அங்கே நிலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. இப்போது பிதேஷில் வந்து உழைக்கிறோம்.

“இவரு நாடு ரொம்ப தூரம் சார். வெளிநாட்டுல வந்து உழைக்கிறாராம்.”

“கேட்டுகினியாய்யா? அவன் வாயாலயே வந்துடுச்சு” என்று எஸ்.ஐ. ரைட்டரைப் பார்த்துச் சிரித்தார். ரைட்டர் எழுதினார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். முத்து முத்தாகப் போட்டேன்.

இரண்டு நாளில் மனைவி, மகளோடு மூன்று பேரையும் ரயிலேற்றி எல்லையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். சட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த நினைப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சாயந்திரம் குழாயடியில் அந்த மனைவி அழுதுகொண்டிருந்தாள். சிவகாசியிலிருந்து வந்து கம்பெனி வேலை பார்க்கும் பக்கத்து அறை அக்கா அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். அவள் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: “அக்கா, உன் தேஷும் தூரம். நீயும் பிதேஷ்ல. உன்னை ஏன் பிடிக்கலை?”

“எந் தேசமா? சிவகாசி என்னத்தா தேசம், அது ஊரு” என்றார் அக்கா.

என் குடம் நிரம்பி வழிந்தது. தேஷ் என்றால் அவர்களுக்குச் சொந்த ஊர். பிழைக்கப் போன இடமெல்லாம் பிதேஷ். பெங்களூரும் பிதேஷ், ஓசூரும் பிதேஷ். நான் புத்தகத்தில் படித்தபடி நாடு, வெளிநாடு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு எழுத்தும் படிக்காதவர். “இதுல இன்னாம்மா கீது? சேலத்துக்குப் போனாவே வேற சீமைக்குப் போய்ட்டான்னுதான் நாம சொல்றோம். கெரசினையும் சீமெண்ணைன்றோம். அதுக்காவ சேலம் லண்டன்ல கீதா?” என்றார்.

காலையில் முதல் ஆளாக ஸ்டேஷனில் நின்று அதையே சொன்னேன். நான் சொன்னது தப்பு, அடித்து எழுதுங்கள் என்றேன்.

“படிச்ச பொண்ணுதானே? கையெழுத்து போட்டுட்டு மாத்திப் பேசினா கேஸு உம்மேலதான் வரும், தெரியுமா?” என்றார் எஸ்.ஐ. அப்பாவை அவர்கள் நாற்காலியில் உட்காரச் சொல்லாததை நான் பார்த்துப் பழகியவள். என்னை உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் வந்துவிட்டேன்.

நேராகக் கூடத்துக்குப் போய், நான் செய்ததைப் பெண்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருத்தி, “நாலு பாஷை பேசி நல்லாக் கெடுத்தம்மா” என்றாள். வாங்கிக்கொண்டேன். பிறகு அவள்தான் முதலில் கத்தரியைக் கீழே வைத்தாள். பூ வெட்டுகிறவர்களும் வெளியே வந்தார்கள். காதலர் தினத்துக்குப் போகவேண்டிய பூ. மொட்டு அவிழ்வதற்குள் வெட்டாவிட்டால் குப்பைதான். முந்தின நாள் “அவன் காண்ட்ராக்ட் ஆளு, நமக்கு சம்பந்தமில்ல” என்று சொன்ன மேனேஜர், பதினோரு மணிக்கு வியர்த்துக்கொண்டு வந்தார். மால்டா கிராமப் பஞ்சாயத்தின் தொலைபேசி எண் அதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்தான் என்ற சான்றிதழ் ஃபேக்ஸில் வந்தது. மாலையில் வங்காளிக்காரரை விட்டார்கள். மனிதனுக்காக அசையாதவர்கள் ரோஜாவுக்காக அசைந்தார்கள்.

விட்டார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு நோட்டில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது ஞாயிறு அவருடன் நானும் போனேன். எதற்கு இந்த நோட்டு என்று ரைட்டரிடம் கேட்டேன். அட்டையில் ‘வெளியாட்கள்’ என்று எழுதியிருந்தது.

“அடுத்தவாட்டி ஆர்டர் வந்தா தேடிகினு திரிய வேணாம் பாரு. அப்பிடியே தூக்கிடலாம்” என்றார். சோறு ஆறுகிறது என்பதுபோலச் சொன்னார்.

அன்று ராத்திரியே லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

மூன்றாவது ஞாயிறு லைன் வீடுகளே கிளம்பின. சிவகாசி அக்கா, மதுரைக்காரர்கள், ஆந்திராவில் குப்பம் ஊரிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பம், என் அப்பா. ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நின்றோம்.

“இன்னாம்மா இது கூட்டம்?”

“வெளியாளுங்க சார். நோட்டுல ஏத்துங்க” என்றேன்.

“நா சிவகாசிங்க. எனக்கும் இது வெளியூருதான்” என்றார் அக்கா.

“நீ இந்த ஊருதானேய்யா?” என்று ரைட்டர் அப்பாவைக் கேட்டார்.

“எம் பொண்டாட்டி மாலூரு சார், கர்நாடகா. பாதி வெளியாளு” என்றார் அப்பா. வரிசை சிரித்தது. ரைட்டர் நோட்டை மூடப் பார்த்தார். நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, வங்காளிக்காரரின் கைநாட்டுக்குக் கீழே என் பெயரை எழுதினேன். பின்னால் ஒவ்வொருவராக வந்து எழுதினார்கள், கைநாட்டு வைத்தார்கள். பக்கம் தீர்ந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

“இதுல யாரு வெளியாளுன்னு நா எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?” என்று கத்தினார் ரைட்டர்.

“அதுதான் சார்” என்றேன்.

அடுத்த ஞாயிறிலிருந்து வங்காளிக்காரர் வரவேண்டாம் என்றார்கள். நான் முதலில் கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் அங்கேதான் இருக்கிறது. அதில் எழுதியதை அடித்துவிடச் சொல்லி மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.