ஆளுக்கொரு டிஸ்க்

எங்கள் அண்ணனைப் பற்றி ஊரே பெருமையாகப் பேசும். நான் பேச மாட்டேன். கூடப் பிறந்தவள்தான், அதனால்தான் பேச மாட்டேன். அவன் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக ஓடுவான், அது உண்மை. ஆனால் அவன் எடுத்து வந்ததை மனிதர்கள் உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்கியது அண்ணி. படுக்கையறை மூலையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் அண்ணி. மாப்பிள்ளையின் மாமா கொட்டாவி விட்டதை நீக்குவார், பெண்ணின் தங்கை ஓரமாக நின்று அழுததை எங்கிருந்தோ தேடிப் பிடித்துச் சேர்ப்பார்.

அந்தக் கம்ப்யூட்டரில் படம் திக்கித் திக்கி ஓடும். அண்ணி தானே படித்துத் தெரிந்துகொண்டு, ஒரே மாதிரி இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, இரண்டையும் பொருத்தி, இரண்டும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும்படி அமைத்தார். அப்புறம் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குப் புரியவில்லை என்றதும் விளக்கினார். ஒரு கதையை ஒருவரே எழுதாமல், ஒரு வரியை இவரும் அடுத்த வரியை அவரும் மாற்றி மாற்றித் தன் தன் தாளில் எழுதினால் பாதி நேரம்தானே ஆகும், அதுபோல என்றார். ஆனால் ஒருவர் தாள் தொலைந்தால் மற்றவர் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதாம்.

இதை அண்ணனிடமும் சொன்னார். நகல் எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் வேண்டும் என்றும் கேட்டார். அண்ணன் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே "சரி சரி" என்று தலையாட்டினான். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த இன்னொரு டிஸ்க் வரவும் இல்லை.

அந்த இரண்டு டிஸ்க்கில்தான் என் கல்யாணமும் இருந்தது. வீட்டுக் கல்யாணம்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று அண்ணன் அதை எப்போதும் வரிசையின் கடைசிக்குத் தள்ளுவான். மறு வருஷமே அப்பா போய்விட்டார். அப்பாவின் குரல் இந்த உலகத்தில் அங்கே மட்டும்தான் இருந்தது. அண்ணிதான் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதை முடித்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் வீடியோக்காரர்கள் சங்கத்தில் சிறந்த எடிட்டிங்குக்கு அண்ணனுக்குப் பரிசு கொடுத்தார்கள். எடிட்டிங்குக்கு! மேடையேறி, ராப்பகலாகத் தானே உட்கார்ந்து வெட்டியதாகக் கூசாமல் சொன்னான். என் பக்கத்தில் கைதட்டிக்கொண்டிருந்த அண்ணி நிறுத்திவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி கத்தியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

பரிசைக் காட்டி ஒரு கூட்டாளியைப் பிடித்து அண்ணன் வீடியோக் கடை போடக் கிளம்பினான். புதிதாக ஓர் எடிட்டரையும் வைத்துக்கொண்டு, அண்ணியிடம் இனிமேல் ஓய்வெடு என்றான். கடை வாசலில் பெரிய டிவி வைத்து, இத்தனை வருஷத்து வேலையையும் அதில் ஓட்ட வேண்டுமாம். ஸ்க்ரூடிரைவரோடு வந்து பெட்டியைத் திறந்தான். நான் அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு இருக்கே. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. ஆளுக்கொண்ணு," என்றான். ஒன்று மற்றதன் நகல் என்று நினைத்துவிட்டான் மகாபுத்திசாலி.

"நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல?" என்றார் அண்ணி.

"எல்லாம் இருக்கு, இருக்கு."

"அப்ப எடுத்துக்கோங்க."

எனக்குப் பகீர் என்றது. உள்ளே அப்பா இருக்கிறாரே! வாயைத் திறக்கப் போனேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவன் திருகாணி தெரியாமல் தடவியபோது அண்ணிதான் டார்ச் பிடித்தார்.

மறுநாளே கைக்குட்டையில் டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். இது பாதிதான் சார், மீதி எங்கே என்று அந்தப் புது எடிட்டர் கேட்டிருக்கிறார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பரம திருப்தி. முன்னாடியே சொல்வதற்கென்ன என்று எகிறினான். அண்ணி டிஸ்க்கை வாங்கிப் பழைய இடத்தில் மாட்டினார். எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. அண்ணன் பெருமூச்சு விட்டான். அண்ணி என் கல்யாணத்தை மட்டும் ஒரு பென் டிரைவில் ஏற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"இதெல்லாம் யாரு பண்ணதுன்னு ஒரு தடவை சொல்லுங்க. மேடை வேண்டாம். இவ முன்னாடி சொன்னா போதும்."

அண்ணன் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "நான் பண்ணேன். நீ கூடமாட ஒத்தாசையா இருந்தே. இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"

அண்ணி திரும்பி மவுஸைத் தொட்டார். அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அத்தனையும் அவருடைய வருஷங்கள். அவர் கையை எட்டிப் பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை.

"நீங்க பண்ணதுதானே, மறுபடியும் பண்ணிக்கோங்க," என்று சொல்லி 'ஆம்' என்பதை அழுத்தினார். "ஒத்தாசைதான் இனிமே கிடைக்காது."

கடை திறந்த அன்று வாசல் டிவியில், டிவியோடு வந்த பூக்கள் மட்டும் மலர்ந்துகொண்டிருந்தன. சில நாளில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். மிஞ்சியது என் கல்யாணம் ஒன்றுதான், அதையாவது கொடு என்று குழைந்தான். முதலில் பார் என்று உட்கார வைத்தேன். அண்ணி பிரமாதமாகச் செய்திருந்தார். கடைசியில் அப்பா வந்தார். கேமரா பிடித்திருந்த அண்ணனை விட்டுவிட்டு, அவனுக்கு அப்பால் யாரையோ பார்ப்பதுபோல் பேசினார்.

"மருமகளே, இவன் பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவான். நீதானே உக்காந்து இதை உருப்படியா ஆக்கப் போறே. என் வழுக்கையை மட்டும் எப்படியாவது மறைச்சுடும்மா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அண்ணன், அந்தக் கடைசி இடத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டான்.

"அதுக்கு அண்ணியைத்தான் கேக்கணும்," என்றேன்.

சத்தத்தைக் கூட்டி வைத்து, அப்பா பேசுகிற இடத்தை மறுபடி ஓட்டினேன்.