தலைக்கு எத்தனை

வங்கிக்கு வருகிறவர்கள் அவளை "ரெண்டாம் நம்பர் அக்கா" என்று சொல்வார்கள். இரண்டாம் கவுண்டரில் வருடக்கணக்காக உட்கார்ந்தவளை வேறு எப்படிச் சொல்வது? இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. காலையில் சரியாக இருக்கும் செருப்பு மாலையில் இறுக்கும். எழுந்து போக நேரமில்லாமல் அடக்கி அடக்கி, அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். கவுண்டர் வேலைக்கு வருகிற நோய்கள் இவைதான். அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாளே தவிர, புலம்புகிற ரகம் இல்லை.

வீட்டில் கணவர். லாரி ஓட்டியவர். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கையில் கடிகாரம் கட்டக்கூடாது, பை தூக்கக்கூடாது, தலைக்குக் கீழே வைத்துப் படுக்கவும் கூடாது. இத்தனை செலவையும் வங்கி தன் ஊழியர்களுக்குக் கொடுக்கிற மருத்துவத் திட்டம்தான் தாங்கியது. அவளுக்கு வேலை போனால் திட்டம் போகும். திட்டம் போனால் அவர் போவார். ஓய்வு வயது வரை எப்படியாவது நாற்காலியில் இருந்துவிட்டால், இரண்டு பேருக்கும் ஆயுசு முழுக்கத் திட்டம் உண்டு. அதற்கு இன்னும் மூன்று வருடம் இருந்தபோதுதான் இதெல்லாம் நடந்தது.

அதற்குச் சில வருடம் முன்னால் வங்கிக்கு ஒரு பெரிய சரிவு வந்தது. பெரிய கட்டடக்காரர்களுக்கு வாரி வழங்கிய கடன்கள் திரும்பவில்லை. வங்கி கவிழப் போகிறது என்று பேச்சு கிளம்பி, விடிவதற்குள் ஜனங்கள் வாசலில் நின்றார்கள். அரசாங்கம் கைகொடுத்துத் தூக்கிவிட்டது. தூக்கிவிட்ட கையோடு ஒரு நிபந்தனையும் போட்டது: செலவைக் குறை.

முதல் ஒன்றிரண்டு வருடம் வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்கவில்லை. புதுக் கடன் கிடையாது. வந்தவர்களைச் சமாதானம் சொல்லி அனுப்புவதும், கட்டாதவர்களுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவதும்தான் பொழுது. பதினொரு பேர் இருந்த கிளை. ஆளுக்கு எத்தனை வேலை என்று காட்டுகிற தலைமை அலுவலகத்தின் வரைபடத்தில் கோடு தரையைத் தொட்டது. பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். விருப்ப ஓய்வு என்றார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பதினொன்று ஐந்தாயிற்று. வேலையில் பெரிய மாற்றமில்லை, வகுக்கிற எண்தான் சின்னதாயிற்று. கோடு நிமிர்ந்தது.

புதிதாக வந்த மேனேஜர் சின்ன வயதுக்காரர். வீட்டுக் கடனும் கைக்குழந்தையுமாக, எப்போதும் பாதி பயந்த முகத்தோடு இருப்பார்.

"தலைக்கு எத்தனைன்னு பாக்கறாங்க அக்கா," என்றார் முதல் கூட்டத்திலேயே. "ஒரு ஆள் தலைக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேலை முடியுது. அப்புறம் டோக்கன். மெஷின்ல டோக்கன் அடிச்ச நிமிஷத்திலேர்ந்து நீங்க முடிக்கிற நிமிஷம் வரைக்கும் கணக்கு. கடைசியில நிக்கிற கிளைகளை மூடிடுவாங்க."

"நாம எங்க நிக்கறோம் சார்?"

"கடைசிக்குப் பக்கத்துல."

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சிரித்தார். "என் கிட்னி வேலையை வெளியாள்கிட்ட விட்டாச்சு. உங்க பாங்கும் அதையே பண்ண வேண்டியதுதானே?"

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு வழி பிறந்தது அங்கேதான்.

வங்கி வாசலில் ஒரு காவலாளி இருந்தார். ஏதோ ஏஜென்சி அனுப்பிய ஆள். ஒரு நூற்பாலை மூடியதில் வேலை போனவர், ஐம்பதைத் தாண்டியவர், வளவளவென்று பேசுபவர். ஊழியர் பட்டியலில் அவர் கிடையாது. துடைப்பம், பல்பு, பினாயிலோடு சேர்த்துக் கட்டடப் பராமரிப்புச் செலவில் அவர் சம்பளம் சேர்ந்தது. அதாவது, அவர் எவ்வளவு வேலை செய்தாலும் வகுக்கிற எண் ஏறாது.

"அண்ணா, ஒண்ணு செய்வீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். "வர்றவங்களுக்கு உடனே டோக்கன் குடுக்காதீங்க. முதல்ல உக்கார வையுங்க. பாஸ்புக் இருக்கா, ஃபாரம் சரியா இருக்கா, கையெழுத்துப் போட்டாச்சான்னு பாத்துடுங்க. நான் தலையசைச்சா அப்புறம் டோக்கனை அடிங்க."

"அதாவது, அரை வேலையை நான் வாசல்லயே முடிச்சுடணும்."

"முக்கால் வேலை."

"சம்பளத்துல முக்கால் குடுப்பீங்களா?"

"மதியானம் டீ வாங்கித் தரேன்."

"சரிக்கா, டீக்கு வித்துட்டேன் என்னை," என்று சிரித்தார்.

காவலாளிக்கு அந்த வேலை வாய்த்தது. வாசலோரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். கண்ணாடி மறந்து வந்தவர்களுக்குத் தன் கண்ணாடியைக் கொடுத்தார். கடைக்காரர்களை "என்ன முதலாளி, போன தடவை போட்ட கையெழுத்து உங்களுதா, உங்க சம்சாரத்துதா?" என்று கிண்டல் செய்து, தப்பான ஃபாரத்தைக் கிழித்து வேறு எழுத வைத்தார். கை நடுங்குகிற பெரியவர்களுக்கு அட்டையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தயாராகி, உள்ளே அவள் தலையசைத்த பிறகுதான் டோக்கன் அடிக்கும். அவள் முன்னால் வந்து நிற்கிறவரிடம் பிழை ஒன்றும் இருக்காது. முத்திரை, பணம், அடுத்தவர்.

மாலையில் கதவை மூடியதும் கணினியிலிருந்து வெளியேறிவிடுவார்கள். அதன் பிறகு உட்கார்ந்து மீதி வேலையைப் பார்ப்பார்கள். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

கிளை மேலே ஏறியது. முதலில் நடுவில், அப்புறம் முதல் வரிசையில். மேனேஜர் முகம் தெளிந்தது. ஐந்து பேர் நான்கானார்கள். கோடு இன்னும் ஏறியது.

இதற்கிடையில் வேறொரு கிளையில் டோக்கனை வைத்து விளையாடியதைக் கண்டுபிடித்து, ஒரே மாதத்தில் அந்தக் கிளையை மூடினார்கள் என்று செய்தி வந்தது. அன்றே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆய்வு அதிகாரி இரண்டு நாள் வரப்போவதாகவும் சொன்னார்கள். இவ்வளவு வேகம் எப்படி என்று தெரிந்துகொண்டு மற்றக் கிளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமாம்.

மேனேஜர் கையைப் பிசைந்தார். காவலாளிதான் தைரியம் சொன்னார். "அந்த ரெண்டு நாளும் நான் ஸ்டூலைப் போட்டுட்டு சும்மா உக்காந்துடறேன். நம்ம ஜனங்களுக்கு முந்தின நாளே ஃபாரம் எழுதிக் குடுத்து அனுப்பிடறேன். என்னைப் பத்திக் கேட்டா, கதவு திறக்கிற ஆளுன்னு சொல்லிடுங்க அக்கா."

அதிகாரி மரியாதை தெரிந்த பெண். தண்ணீர் கொடுத்தவருக்கும் நன்றி சொன்னாள். ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, இரண்டாம் கவுண்டருக்கு வந்தாள்.

"ரொம்ப நல்லா பண்றீங்கம்மா. எல்லாரும் ரெடியா வர்றாங்களே, எப்படி?"

"பழகிட்டாங்க மேடம். பழைய வாடிக்கைக்காரங்க."

"வாசல்ல இருக்கறவருக்கு என்ன வேலை?"

"கதவு திறக்கறது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை மேடம்."

காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக் காட்டினார். கொஞ்சம் அதிகமாகவே விட்டார் என்று அவளுக்குப் பட்டது.

மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. கிளைக்குப் பாராட்டு. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவும் கேமராவும் பொருத்தப்படும். காவலாளி இனித் தேவையில்லை, ஏஜென்சிக்குச் சொல்லியாகிவிட்டது.

செய்த தப்பு என்னவென்று அவளுக்கு அப்போதே புரிந்தது. ஆள் எவ்வளவு உழைக்கிறார் என்பதை இத்தனை கெட்டியாக மறைத்தால், ஆளே வேண்டாம் என்றுதானே தோன்றும்? நான்கு பேர் தலையைச் சேர்த்து யோசித்தும் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லாருக்கும் கண் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது.

பின்பக்கம் கை கழுவுகிற இடத்துக்குக் காவலாளி வந்தார். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த அதிகாரியம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. இந்த ஆள் இல்லேன்னா கிளை ஓடாதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"இத்தனை நாள் எப்படி ஓடுச்சுன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டுமே."

"உண்மை தெரிஞ்சா கிளையை மூடிடுவாங்க அண்ணா. அப்பவும் உங்களுக்கு வேலை இருக்காது."

"எனக்கு எப்படியும் இல்லை. இப்ப நான் மட்டும் போறேன், அப்ப எல்லாரும் போவோம். அதைத்தானே சொல்றீங்க?"

அவள் கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"பொண்ணு காலேஜ்ல ரெண்டாம் வருஷம்," என்றார்.

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

வாசலுக்குத் திரும்பிப் போனார். அவள் போன் செய்யவில்லை. மேனேஜரிடம் பேசிப் பார்த்தாள்; அவர் காதில் விழாத மாதிரி கணினியைப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சொல்லியிருக்கலாம் நீ," என்றார்.

"சொல்லியிருந்தா அடுத்த மாசம் இதைக் கேக்க நீங்க இருக்க மாட்டீங்க. கையை நீட்டுங்க, கட்டைப் பிரிக்கணும்."

ஊசி குத்திய இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது. பஞ்சை நனைத்து, இழுக்காமல் எடுத்தாள். இணைப்பில் துடிப்பு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். இருந்தது.

கண்ணாடிக் கதவு வந்தது. சில நாள் திறக்கும், சில நாள் பாதியில் நிற்கும். ஒரு பெரியவரின் கைத்தடியை நடுவில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டோக்கன் மெஷின் முன்னால் ஜனங்கள் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமுக்கினார்கள். ஃபாரங்கள் தப்பும் தவறுமாக வந்தன. ஒருவருக்கு ஆகிற நேரம் மூன்று மடங்காயிற்று. மேனேஜர் மறுபடி வெளிறிப்போனார். அவள் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வாசலுக்குப் போய் நின்று, காவலாளி செய்த வேலையைச் செய்தாள். நின்றதில் முழங்கால் வீங்கியது. நீர்க்கடுப்பு ஒருமுறை காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. காய்ச்சலோடும் வந்தாள்.

"நீங்க ஒரு மெஷின் அக்கா," என்றார் மேனேஜர், பாராட்டாக.

"மெஷினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணுவாங்க சார்."

கடைசியில் அத்தனை பாடும் தேவைப்படவில்லை. இரண்டு வருடத்தில் பெரியவர்கள் வருவதை விட்டுவிட்டார்கள். சிலர் கணக்கைப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, என்ன இருக்கிறது என்ன போனது என்று தெரியாமல் இருந்தார்கள். சிலர் போனிலேயே எல்லாம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். வங்கி செய்த வேலையைத் தாங்களே சம்பளமில்லாமல் செய்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்துக் கடைக்காரருக்குக் கூலி கொடுத்துச் செய்துகொண்டார்கள். கவுண்டருக்குக் கூட்டம் குறைந்ததும் நான்கு பேரை இரண்டாக்கினார்கள். கோடு முன்பு எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போயிற்று. மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சரிவிலிருந்து மீண்ட கதை என்று தலைமை அலுவலகம் அந்தக் கிளையைப் பற்றி ஒரு பக்கம் அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பியது. அதில் இரண்டாம் கவுண்டரின் படம் இருந்தது. வாசலின் படம் இல்லை.

அவள் ஓய்வு வயது வரை நாற்காலியில் இருந்தாள். திட்டத்தின் அட்டை கைக்கு வந்தது. கணவர் சாகவில்லை. வாரம் மூன்று முறை போகிறார், வருகிறார், உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். அவள் கேட்டது இதுதான், கிடைத்துவிட்டது.

போன மாதம், அவரை டயாலிசிஸில் படுக்க வைத்துவிட்டு, இருக்கிற நேரத்தில் படுக்கைக்கு ரப்பர் விரிப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். ஒரு துணிக்கடை முன்னால் விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தவர் அந்தக் காவலாளி. முடி முழுதும் வெளுத்திருந்தது. இடுப்பு வலிக்குப் பட்டி போட்டிருந்தார். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர் என்பதைத் தோலே சொல்லிற்று. அவள் ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

"அண்ணா, எப்படி இருக்கீங்க?"

"வாங்கக்கா. நல்லாத்தான் இருக்கேன். பாருங்க, இங்க காருங்களுக்குத்தான் யோசனை சொல்றேன். ஒண்ணுகூட எதிர்த்துப் பேசாது."

"பொண்ணு?"

"படிப்பை நிறுத்திட்டா. ரெடிமேட் கம்பெனியில தையல். கல்யாணமும் ஆயிடுச்சு. நல்ல பையன்தான்."

அவள் பையைத் திறந்தாள். "நான் ஏதாவது..." என்று தொடங்கினாள்.

"பையை மூடுங்கக்கா," என்றார், சத்தம் உயராமல். ஒரு காரைக் கைகாட்டிப் பின்னால் வரவிட்டு, அது நின்ற பிறகுதான் திரும்பினார். "வீட்டுல சார் இருக்காரா?"

"இருக்கார்."

"அது போதும்கா. அதுக்குத்தானே."

குத்தலாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா? முகத்தைப் பார்த்தாள். டயாலிசிஸ் அறையில் நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த வண்டி வந்துவிட்டது. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அவள் ரப்பர் விரிப்பை அடுத்த கடையில் வாங்கினாள். ஊசியைக் கழற்றுகிற நேரம் ஆகிவிட்டதால், நடக்க முடியாத காலோடு வேகமாக நடந்தாள்.