கம்பித் தரை வாத்துகள்

என் அண்ணனுக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. தப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துறையூர்ப் பக்கம் கறிக்கோழி வளர்த்துக்கொண்டிருந்தவர், கோழியை விட்டுவிட்டு அதே ஷெட்டில் முட்டைக்காக வாத்து வளர்க்க ஆரம்பித்தார். வாத்து எச்சம் தண்ணீராகப் போகும், தரை நாறும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி வலைத் தரை. எச்சம் வலை வழியே கீழே விழுந்துவிடும், கூட்டிப் பெருக்க ஆள் வேண்டாம். வாத்துகள் மட்டும் இரவும் பகலும் அந்தக் கம்பிமேலேயே கிடக்க வேண்டும். மண் கிடையாது, குளம் கிடையாது. வெயில் தகரக் கூரையோடு நின்றுவிடும்.

நான் தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க உடைந்த எலும்பைப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனால், சோறு போடுவதற்கு முன் ஷெட்டைச் சுற்றிக் காட்டுவார். கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பதுபோல.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாத்தை எடுத்துக் காட்டுகிறேன் என்று உள்ளே கையை விட்டார். வயல் வயலாக வாத்து மேய்க்கிறவர்கள் வாத்தைக் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அதன் கால் உடம்புக் கனத்தைத் தாங்காது. அண்ணன் கோழிக்காரர். கோழியைப் பிடிக்கிற மாதிரி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

“அண்ணே, கால் ஒடிஞ்சு போச்சு.”

“ஒண்ணு ரெண்டு அப்படித்தான் ஆகும். குழம்புக்கு ஆச்சு.”

“பிடிச்ச விதமும் தப்பு, எலும்பும் சரியில்ல. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்ப அதுங்க எலும்புல இருந்துதான் எடுக்குது. நடக்க விடாம, வெயில் படாம வச்சிருந்தா அப்புறம் எலும்புல என்ன இருக்கும்?”

“கிளிஞ்சல் தூள் மூட்டை மூட்டையா போடுறேன். நீ மனுஷங்களப் பாரு, வாத்த நான் பாத்துக்கிறேன்.”

எனக்கு வாத்துமேல் பாசம் ஒன்றும் இல்லை. வாத்துக்கறி என்றால் இரண்டு கை சோறு கூடுதலாகவே இறங்கும். ஆனால் தீனி போடும்போதுகூட அவை எழுந்து, இரண்டடி வைத்து, மறுபடி மார்பு கம்பியில் பட உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாதத்தின் அடியில் புண். அவற்றை எப்படியாவது மண்ணில் இறக்கிவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அதன் பிறகு வாராவாரம் அவர் காதைத் தின்றேன். பக்கத்திலேயே அறுத்த வயல் தண்ணீர் கட்டிக் கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவருக்கே அலுத்துப்போனது. “சரி, வா. உன் கண்ணு முன்னாலயே திறந்து விடுறேன்” என்றார்.

“எல்லாத்தையும் ஒரேயடியா விடாதண்ணே. கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். இறங்குறதுக்கு ஒரு பலகையாவது சாய்ச்சு வை.”

“வாத்துக்கு இறங்கத் தெரியாதா? நீதானே வெளிய விடு, வெளிய விடுன்ன?”

ஷெட்டின் பக்கவாட்டுத் தட்டியைக் கழற்றி எறிந்தார். வாத்துகள் அசையவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டின, அவ்வளவுதான். அவர் மூங்கில் கழியை எடுத்துப் பின்னாலிருந்து தள்ளினார். முன்னால் நின்றவை விழுந்தன. விழுந்தவற்றின் மேல் அடுத்தவை விழுந்தன. நான் கழியைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். சில எழுந்து தண்ணீரை நோக்கிப் போயின. நிறைய எழவில்லை. சிறகை அடித்து அடித்து, செத்த காலை இழுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைப் பார்த்தே ஊர்ந்தன. அதுவரை குளமோ வயலோ பார்த்திராதவை எதை நம்பி அந்தப் பக்கம் போயின என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அண்ணன் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு. “பாத்தியா? உள்ள இருந்தவரைக்கும் நல்லா இருந்துச்சு. உன் பேச்சக் கேட்டேன், இப்ப பாரு.”

நடந்தவற்றைப் பிடித்து மறுபடி கம்பிமேல் ஏற்றினார், காலைப் பிடித்தே. நடக்காதவை கிறிஸ்துமஸ் கறிக்கென்று அறுப்புக்குப் போயின. அன்று நான் அழுதேன். ஆத்திரத்தில்தான்.

கிறிஸ்துமஸ் மதியம் அவர் வீட்டில் பந்தி. அண்ணி வைத்த வாத்துக்கறி தெருவரை மணத்தது. சித்தப்பா, பாதிப் பல் போனவர், ஒரு காலை வாயில் வைத்துவிட்டுத் தலையாட்டினார். “எலும்பு அப்பளமாட்டம் நொறுங்குதுப்பா. இந்த மாதிரி வாத்து நான் தின்னதில்ல.”

“வயல்ல மேயுறது கல்லாட்டம் இருக்கும் சித்தப்பா” என்றார் அண்ணன். “நம்மது வீட்டுக்குள்ள வளந்தது. அடுத்த வருஷம் இன்னொரு ஷெட் போடுறேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் இலையிலும் ஒரு கால் விழுந்தது. கறியை விலக்கினேன். எலும்பின் கீழ்ப்பக்கம் ஒரு முறிவு, கூர்மையாக, புதிதாக. கம்பித் தரையிலிருந்து விழுந்தபோது ஆனது. அதற்கு மேலே இன்னொன்று. அது பழசு. யாரும் பார்க்காமல், யாரும் கட்டுப் போடாமல், கோணலாக ஒட்டி முடிச்சு விழுந்திருந்தது.

“அண்ணே, இது உள்ள இருக்கும்போதே ஒடிஞ்சது” என்று எலும்பைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அதோடவும் முட்டை போட்டுச்சுல்ல?” என்று சொல்லிவிட்டு, சித்தப்பா இலையில் இன்னொரு காலை வைத்தார்.