உப்பேறிய மோட்டார்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம்தான் கடலூரில் வாக்குவம் க்ளீனர் வாங்குகிறவர்கள் அதிகமானார்கள். வாங்க வைத்தவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருந்தார். வீடு வீடாகப் போய், நடுக்கூடத்தில் ஒரு பிடி மணலைக் கொட்டி, மெஷினால் அதை இழுத்துக் காட்டுவார். கடல் விட்டுப்போன மணலைப் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போயிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் வாங்கிவிடுவார்கள். விற்றுவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அதன்பிறகு அந்த வீடுகளுக்குப் போக வேண்டியவன் நான்.

குமராட்சிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். சிதம்பரத்தில் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆனதும், "வெளிய எதுக்கு மாப்ள வேலை பாக்கறீங்க, நம்ம கடை இருக்குது" என்று மச்சான் கூப்பிட்டார். மனைவிக்கும் அண்ணன் பக்கத்தில் இருக்க ஆசை. கடலூருக்குக் குடிவந்தோம்.

கடலோர வீடுகளில் மெஷினைக் கெடுப்பது தூசு இல்லை, காற்று. ஈரமும் உப்புமாக உள்ளே போய் மோட்டாரில் உட்கார்ந்துகொள்ளும். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில் மெஷினைத் திறந்தால் பித்தளை முனைகள் பச்சை பூத்திருக்கும், பேரிங் கையால் சுற்ற வராது. பையில் சேர்ந்த மணலை அப்படியே விட்டிருப்பார்கள், அது நமுத்துக் கட்டியாகி ஃபில்டரை அடைத்திருக்கும். காற்று போக வழியில்லாமல் மோட்டார் சூடேறிக் கருகும்.

போகிற இடமெல்லாம் ஒரே பாடத்தைச் சொன்னேன். பையை அன்றன்றைக்கே கொட்டுங்கள். ஃபில்டரை உதறிக் காயவிடுங்கள். மெஷினைத் தரையில் வைக்காதீர்கள், துணி சுற்றி உயரத்தில் வையுங்கள். வேலை இல்லாவிட்டாலும் அவ்வப்போது சும்மாவாவது ஓடவிடுங்கள். ஈரத்தரையில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை.

"மழையிலகூட ஓட்டலாம்னு நான் சொல்லி வித்துட்டு வரேன். நீங்க பின்னாலயே போயி பயமுறுத்திட்டு வரீங்க."

"பயமுறுத்தல மச்சான். ஈரத்துல ஓட்டுனா ஷாக் அடிக்கும்."

"அதெல்லாம் அவுங்க பாத்துப்பாங்க. நீங்க ஜாஸ்தி பேசாதீங்க."

பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கும் திட்டம் ஒன்றை அவர் ஆரம்பித்தார். அப்படி வந்தவற்றில் தகர உடம்புள்ள பழைய மாடல் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தேன். உப்பு ஏறி, காயிலின் மேல்பூச்சு உரிந்து, கரண்டு உடம்புக்கே வந்துகொண்டிருந்தது. டெஸ்டரை வைத்தால் தகரத்தில் எங்கு தொட்டாலும் விளக்கு எரிந்தது. யாரும் தெரியாமல்கூட ஓட்டிவிடக் கூடாது என்று ஒயரோடு பிளக்கை வெட்டி எடுத்தேன். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க மச்சான்."

"சரி மாப்ள, அப்படி வைங்க" என்றார். கடைக்குப் பின்னால் வைத்தேன். சில நாளில் அது அங்கே இல்லை. இரும்புக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேவனாம்பட்டினத்தில் நான் வழக்கமாகப் போகும் வீடு ஒன்று இருந்தது. கடலுக்குப் போகிற குடும்பம். அந்த வீட்டு மருமகள் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். கடல் வந்த பிறகு மீனவக் குடும்பங்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தபோது அவளுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. சீக்கிரமே கை திருந்தி, மஞ்சக்குப்பத்திலிருந்தே பெண்கள் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். மாமியாருக்கு மூச்சிழுப்பு, தூசு ஆகாது என்பதால் வாக்குவம் க்ளீனர் வாங்கியிருந்தார்கள். நான் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்த ஒரே வீடு அதுதான். மெஷினுக்கு வெட்டுத்துணியில் ஓர் உறைகூடத் தைத்துப் போட்டிருந்தாள்.

அந்த மெஷினும் ஒருநாள் மோட்டார் போய் நின்றது. உதிரிச் சாமான் வருவதற்குள் நான் அம்மை போட்டுப் படுத்துவிட்டேன். அவளுடைய வீட்டுக்காரர் கடைக்கு வந்து கேட்டபோது, சாமான் வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று மச்சான் வேறொரு மெஷினைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பச்சைப் பெயின்ட் அடித்த தகர மெஷின். புது ஒயர், இரண்டு முனை பிளக், எர்த் இல்லை. இது ஈரத்தில்கூட ஓடும் என்று வேறு சொல்லியனுப்பியிருக்கிறார்.

அவள் தரையைத் துடைத்த கையோடு, ஈரம் முழுதும் காயாத கூடத்தில் அதை ஓட்டியிருக்கிறாள். மெஷினை நகர்த்தக் கைப்பிடியைப் பிடித்ததும் கரண்டு இழுத்துக்கொண்டது. மாமியார் பார்த்துவிட்டு ஓடிப்போய் மெயினை அணைத்ததால் உயிர் தப்பினாள். வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் பெருவிரலும் அடுத்த விரலும் மடங்காமல் விறைத்து நின்றுவிட்டன.

உடம்பு தேறி நான் கடைக்குப் போன அன்று அவளுடைய ஆட்கள் வந்திருந்தார்கள். வீட்டுக்காரரும், அவர் அண்ணனும், தெருக்காரர்கள் சிலரும். நடுவில் அந்தப் பச்சை மெஷின் இருந்தது. கீழே பெயின்ட் பெயர்ந்த இடத்தில் பழைய தகரம் தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

மச்சான் என்னைப் பார்த்ததும் கை நீட்டினார்.

"சர்வீஸ் பாக்கறது இவருதான். கேளுங்க. நான் விக்கிறவன், எனக்கு உள்ள இருக்கறது என்னா தெரியும்?"

"இது கரண்டு அடிக்குதுன்னு பிளக்கை வெட்டி வெச்சதே நான்தான்" என்றேன். "இரும்புக்குப் போடச் சொன்னேன். இவருதான் திரும்பவும் ஒயர் போட்டுக் குடுத்திருக்காரு."

வீட்டுக்காரர் என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பு பண்ணிட்டு பயத்துல பேசறாரு" என்றார் மச்சான். குரலை உயர்த்தவே இல்லை. "என் தங்கச்சி புருஷன். நான் பொய் சொல்லி இவரை மாட்டி வுடுவனா?"

அந்த ஒரு பேச்சில் எல்லோரும் அவர் பக்கம் போய்விட்டார்கள். சொந்தத் தங்கை புருஷனைப் பற்றி ஒருவன் இப்படிச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டுக்காரரின் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். மச்சானே நடுவில் வந்து விலக்கிவிட்டார். அதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி எனக்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். அண்ணன் போன் செய்திருந்தார்.

"நீங்க ஒத்துக்கினா என்னாங்க? கடை பேரு கெட்டா நமக்கும்தான் சோறு இல்ல."

"நான் செய்யல."

"செய்யலன்னே இருக்கட்டும். அண்ணன் நமக்கு எவ்ளோ செஞ்சிருக்காரு."

"அந்தப் பொண்ணுக்குக் கை போயிடுச்சி."

அவள் உள்ளே போனாள். நான் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிளக்கை வெட்டிய அன்றே அவளிடம் அதைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் தேவனாம்பட்டினம் போனேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள், கையில் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நீங்க பண்ணியிருக்க மாட்டீங்கண்ணே. எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா அவுங்க பேசி முடிச்சிட்டாங்க. கடைக்காரர் ஆஸ்பத்திரி செலவு பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. புது மெஷின் ஒண்ணும் குடுத்துட்டாரு."

கதவு வழியே பார்த்தேன். கூடத்தில் அட்டைப்பெட்டியோடு அந்தப் புது மெஷின் இருந்தது. பக்கத்தில் தையல் மெஷின்மேல் யாருடையதோ வெட்டிய துணி, தைக்காமல் கிடந்தது.

"நீ ஒரு வார்த்தை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேன். இப்ப அதெல்லாம் கிளறாதங்கறாரு." தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வராதீங்கண்ணே. அவுரு பாத்தா வம்பு" என்றாள்.

திரும்பி நடந்தேன். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவள்மேலும் கோபம் வந்தது.

சிதம்பரத்துக்கே திரும்பிவிட்டோம். கீழவீதியை ஒட்டிய சந்தில் ஓர் அறை எடுத்து மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று கைக்கு வந்ததைப் பார்த்தேன். மனைவி கூடவே வந்தாள், வேறு வழியில்லாமல் வந்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியாகக் கடலூர் போய்வருவாள். அண்ணன் கடையைப் பெரிதாக்கிய சேதியை அக்கம்பக்கத்தில் என் காதில் விழும்படியே சொல்வாள். என்னைப் பற்றி அவர் கடலூரில் என்ன சொல்லிவைத்திருக்கிறார் என்பது, அங்கிருந்து வருகிற சொந்தக்காரர்கள் என் கடையில் எதையும் கொடுக்காததில் தெரிந்தது.

சில வருஷம் கழித்து ஒரு பெரிய புயல் அடித்தது. கடலூரில் மரம் என்று ஒன்று மிச்சமில்லை, கரண்டு கம்பமெல்லாம் படுத்துவிட்டன. மச்சான் கடையின் கூரைத் தகடுகள் பறந்துபோய், உள்ளே இருந்த மெஷின்கள் எல்லாம் நனைந்துவிட்டன. எங்கள் பக்கமும் அடிதான், ஆனால் கடை தப்பியது.

பஸ் ஓடத் தொடங்கியதும் மனைவி வந்து எதிரில் நின்றாள்.

"அண்ணன் கூப்பிட்டு அனுப்பியிருக்காரு. அவ்ளோ மெஷினும் தண்ணியில கிடக்குதாம். நீங்க வந்து பாத்தா ஏதாவது தேறும்னு சொல்றாரு."

"நான் வரல."

"ஒரு தடவை போயிட்டு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அவரு எதுக்குக் கூப்பிடறாருன்னு உனக்குத் தெரியாதா? நாளைக்கு யாருக்காவது ஷாக் அடிச்சா கை காட்ட ஒரு ஆளு வேணும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். பொங்கல் கழிந்துதான் திரும்பி வந்தாள். முகம் கறுத்து, கை காய்த்துப்போயிருந்தது. அங்கே வீட்டு வேலை மொத்தமும் அவள்தான் பார்த்தாள் போலிருக்கிறது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எல்லாத்தையும் வெயில்ல போட்டு காய வெச்சாங்க. நல்லா ஓடுது. பாதிக்கு மேல வித்துட்டாராம்."

கையைச் சோற்றிலிருந்து எடுத்தேன்.

"எங்க வித்தாரு? யாருக்கு?"

"எனக்கு என்னா தெரியும்? வெளியூர் ஆளுங்க வந்து வாங்கிக்கினு போனாங்க." குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க வராததால ஒண்ணும் நின்னுபோவல."

நான் எழுந்து கை கழுவினேன். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் கடையைத் திறக்கப் போனேன்.