வெயிலில் எழும்பிய புல்

இந்த நாட்டில் விடிந்ததும் நான் செய்கிற முதல் வேலையைச் சொன்னால் நம்மூரில் சிரிப்பார்கள். வளராத புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிறேன். பிளாஸ்டிக் புல். முதலாளி வீட்டு முற்றம் முழுக்கப் பாய் மாதிரி விரித்திருக்கிறார்கள். தண்ணீர் அடித்தால் இரவில் படிந்த மணல் போகும், சூடும் கொஞ்சம் தணியும். வந்த புதிதில், காசு சேர்ந்தால் கிறுக்கும் கூடவே வந்துவிடும் போலிருக்கிறது என்று மனதுக்குள் கிண்டல் செய்தேன். அந்தப் புல்லின் மேல் ஒருவர் நடப்பதைப் பார்த்த பிறகு கிண்டல் போன இடம் தெரியவில்லை.

நடப்பவர் முதலாளியின் அப்பா. இரண்டு கண்ணும் தெரியாது. எண்ணெய்க் காசு வருவதற்கு முன் இந்தக் கடலில் முத்துக் குளித்தவராம். காலையும் மாலையும் செருப்பில்லாமல், யார் கையையும் பிடிக்காமல் முற்றத்தைக் கடந்து கடல் பக்கத்து மதிலைத் தொட்டு நின்றுவிட்டுத் திரும்புவார். மதிலோரத்தில் புல் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பது அவர் காலுக்குத் தெரியும். பழவேற்காடு ஏரியில் கலங்கிய தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறாலைப் பிடித்து, வாயில் கவ்விய பறிக்கூடைக்குள் போடும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கண்ணில்லாமல் காரியம் நடக்கும் என்று தெரியும். இருந்தாலும் அவர் நடையைப் பார்க்கும்போது கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஒருநாள் விரிப்பு நடுவில் கிழிந்து, அதில் கால் விரல் மாட்டி விழுந்துவிட்டார். பெரிய காயம் இல்லை. ஆனால் மகன் பயந்துபோனார், பயம் கோபமாக வந்தது. இன்னொரு முறை தடுக்கினால் முற்றத்துக் கதவைப் பூட்டிவிடுவேன் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பார்ப்பேன், அதற்குள் கிழிசலைச் சரி செய் என்று எனக்கு உத்தரவு. மொழிபெயர்த்துச் சொன்னவர் அந்த வீட்டு டிரைவர் காதர் பாய். பழவேற்காட்டுக்காரர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். "ஒயுங்கா செய்பா. கெயவரு நட ஒங் கைலதான் கீது" என்றார்.

எனக்கா கிழிசல் தைக்கத் தெரியாது? மீசை முளைக்கும் முன்பே நைனாவோடு உட்கார்ந்து வலை பொத்தியவன். கிழிந்த இடத்தைச் சுற்றி நல்ல பாகம் வரும்வரை வெட்டினேன். கிடங்கில் மிச்சமிருந்த சுருளிலிருந்து ஒரு துண்டு எடுத்து, ஓட்டையைவிட நாலு பக்கமும் இரண்டு விரல் கூடுதலாக வைத்து நைலான் நூலால் நெருக்கித் தைத்தேன். வலைக்குத் தொய்வு வேண்டும். விறைப்பாகக் கட்டினால் மீன் முட்டித் திரும்பிவிடும், மாட்டினாலும் கண்ணி அறுந்துபோகும். அதே நினைப்பில் புல்லுக்கும் தொய்வு விட்டேன். காலைக் குளிர்ச்சியில் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் ஏற ஏற, என் ஒட்டு எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்பியது. மிதித்தால் ஒரு பக்கம் அமுங்கி மறு பக்கம் கிளம்பியது. வியர்த்துப்போய் நிற்கிறேன், பெரியவர் வெளியே வந்துவிட்டார். காலால் தடவி அந்த மேட்டைக் கண்டுபிடித்து, "மவ்ஜ், மவ்ஜ்" என்று சிரித்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன்.

"அட கஸ்மாலம், அல அடிக்குதுன்றாருபா! இன்னா பண்ணி வெச்சிக்கீற?" என்றார், பக்கத்துப் பள்ளியில் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்த காதர் பாய். வெள்ளிக்கிழமை மட்டும் முதலாளி தானே காரை ஓட்டிக்கொண்டு போவார்.

"வலைக்கு வுடறாப்ல வுட்டுட்டேன் பாய்" என்றேன். அதை அவர் அரபியில் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. பெரியவர் நாற்காலி கேட்டார். அதை நேராக அந்த மேட்டின் மேல் போடச் சொல்லி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். உச்சி வெயில். மகன் வந்து உள்ளே கூப்பிட்டார். "எனக்கு வெயில் காய வேணும்னு சொல்றாரு" என்று காதர் பாய் என் காதில் முணுமுணுத்தார். மகன் முற்றம் முழுக்க நடந்து பார்த்தார், நாற்காலிக்கு அடியில் மட்டும் பார்க்கவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பெரியவரின் அங்கி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சடக்கிக் கடலுக்கடியில் இருந்தவருக்கு வெயிலில் அடம்பிடிப்பது பெரிய காரியமா? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்தச் சூட்டிலேயே தையலைப் பிரித்தேன். புல் முழுக்க விரிந்திருந்த நேரத்தில் கூடுதலை அளந்து வெட்டி, விறைப்பாக இழுத்து, அடியில் பசை போட்டு மறுபடி தைத்தேன். மாலையில் பெரியவர் போனார், வந்தார், மறுபடி போனார். பிறகு ஏதோ கேட்டார். "ஒட்டு எங்கனு கேக்கறாரு" என்றார் காதர் பாய். அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

வெட்டிய கூடுதலை எறிய மனம் வரவில்லை. லீவில் போன காதர் பாயிடம் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். "இது இன்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்டாளாம் என் மனைவி. மச்சான் அதை வாங்கி, வலை உரசும் இடத்தில் படகு விளிம்போடு வைத்து ஆணியடித்துவிட்டாராம். வலை மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதாம்.

திரும்பி வந்த காதர் பாய் சொல்லி இதைக் கேட்டதிலிருந்து பெரியவருக்கு ஒரு பழக்கம். தினமும் மாலையில் ஒட்டு இருக்கும் இடத்துக்கு உத்தேசமாக வந்து நின்று, இன்றைக்கு என்ன மீன் கிடைத்தது என்று காதர் பாயை வைத்துக் கேட்கிறார். இறால் என்கிறேன், மடவை என்கிறேன், ஊதல் காற்றடிக்கும் மாதமென்றால் ஒன்றும் இல்லை என்கிறேன். ஒன்றும் இல்லை என்ற நாளில் அவர் முகம் வாடிவிடுகிறது. ஏரியில் உண்மையில் என்ன கிடைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? கையில் தண்ணீர்க் குழாயோடு, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று வளராத புல்லின் மேல் நின்று யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.