அத்தையின் ஆந்திரப் பயணம்

திருத்தணிக்காரர்களுக்கு ஊர்சுற்றும் ஆசை வரக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு உலகமே இங்கே வருகிறது, நாம் எங்கே போவது என்பார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த வீட்டில் பிறந்த அவர் தங்கை, என் அத்தை, முதுகலைத் தமிழில் பயண இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தாள். பரிசில் தேடிப் பாணர்கள் நடந்த காட்டுவழி முதல், போன வருஷம் விமானத்தில் போய்வந்தவர் எழுதிய கட்டுரை வரை எல்லாவற்றையும் படிப்பாள். எந்தத் துறைமுகத்தில் எந்த நாட்டுக் கப்பல் நின்றது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் சொந்தக் கால் போனது என்னவோ அரக்கோணம் வரைக்கும்தான்.

கடைசி வருஷம் வகுப்பே கன்னியாகுமரிக்குக் கிளம்பியது. ஆளுக்கொரு பயணக் கட்டுரை எழுதித் தர வேண்டும். தேதியோ கிருத்திகையை ஒட்டி வந்தது. வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு பெண்பிள்ளை எங்கே போவது என்று நைனா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அத்தை அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மலைக்குப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பியவள் நேரே ரயில் நிலையத்துக்குள் நுழைந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"வேற ராஜ்ஜியத்துக்குப் போறோம்டி," என்றாள்.

எல்லையில் தரையில் கோடு போட்டிருக்கும் என்று ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். எல்லை தாண்டி நாங்கள் இறங்கிய நகரியில் அதே வெயில், அதே தறிச் சத்தம். கடைப் பலகைகளில் எழுத்து மட்டும் உருண்டையாக இருந்தது. அத்தையோ கடல் கடந்து வந்தவளைப் போல ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். பூக்காரியிடம் தெரிந்த தெலுங்கில் வழி கேட்டாள். போவதற்கு எங்களுக்கு ஓர் இடமும் இல்லை.

திரும்புவதற்காக நகரி நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, வடக்கே போகும் வண்டி ஒன்று வந்து நின்றது. அத்தை எழுந்து அதன் படிவரைக்கும் போனாள். நம் வண்டி அந்தப் பக்கம் வரும் என்று நான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். கடைசிப் பெட்டி மறையும்வரை அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் இருந்தது ஏக்கம் என்று இன்று சொல்வேன். அன்று, பாவம், பசிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவள், விபூதியை மறந்துவிட்டாள். மலைக்குப் போனவர்கள் வீட்டிலிருப்பவர்களுக்குக் கொண்டுவர வேண்டியது அது. வாசலிலேயே அம்மா கையை நீட்டினாள். எங்கள் நெற்றியும் வெறுமையாக இருந்தது. அத்தை உண்மையைச் சொல்லிவிட்டாள். அடி விழும் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். நைனா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நகரிதானா? இதுக்குப் போய் சாமி பேர்ல பொய் சொல்லிகினு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வண்டில இட்டுகினு போயிருப்பேனேம்மா."

எவ்வளவு நல்ல நைனா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவரோடு போயிருந்தால் ஐஸ்கிரீமும் கிடைத்திருக்கும். அத்தை "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவ்வளவு பாசமாகப் பேசுகிற அண்ணன்மேல் அவளுக்கு என்ன கோபம் என்று, எனக்கு அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.