அண்ணையின் துவக்குப் பெட்டி

அண்ணை துவக்குக் கழுவும் காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. லண்டன் மனோர் பார்க் வீட்டின் பின்வளவில், ஞாயிறு பின்னேரங்களில், கொதித்த கேத்தலைத் தூக்கி வருவார். துவக்கின் குழலில் ஒரு புனலைச் செருகி வெந்நீரை மெதுவாக ஊற்றுவார். மற்ற முனையால் தண்ணீர் கறுப்பாக வடியும். பழைய தோட்டாக்களின் மருந்தில் ஒருவகை உப்பு உண்டாம். கழுவாமல் விட்டால் இரும்பை அரித்துவிடுமாம். கேத்தலில் மிஞ்சிய தண்ணீரில் எங்களுக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி.

அவர் எனக்குச் சொந்தமில்லை. அவருடைய வீட்டு மேலறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ரயில் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வேறு நகரங்களில். அவர் லண்டனுக்குப் படிக்க வந்தது ஊரில் சண்டை தொடங்குவதற்கு முன்னர். நான் வந்தது எல்லாம் முடிந்த பின்னர். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பள்ளிக்கூடத்தில் அகதிகளை இருத்தினார்கள், அந்த அகதிகளில் நாங்களும் இருந்தோம். பிறகு மூன்று நாடுகள், கையில் அகப்பட்ட வேலைகள். எந்த அறையிலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. துவக்கை நான் அதன் வாய்ப்பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன்.

அதனால்தான் எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆவல். அவரிடம் மூன்று இருந்தன. இரண்டு பழைய பட்டாளத் துவக்குகள், ஒன்று மான் வேட்டைக்குச் செய்தது. அனுமதிப் பத்திரத்தோடு, சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பூதக்கண்ணாடி பிடித்து அவற்றின் முத்திரைகளை வாசிப்பார். "இஞ்ச பார், இரும்பில ஒரு நம்பர், கட்டையில வேற நம்பர். எங்கையோ உடைஞ்சு, இன்னொண்டின்ர கட்டையைக் கொண்டுவந்து பூட்டியிருக்கினம். உன்னைப் போலதான், கண்ட கண்ட இடத்தில பொருத்தினது."

ஒருநாள் சுடும் கழகத்துக்கும் கூட்டிப்போனார். முதல் வெடிக்கே நான் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டேன். அங்கே எல்லோரும் படுத்திருந்துதான் சுடுகிறார்கள் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. அண்ணை மட்டும் திரும்பிப் பார்த்தார். "எழும்பு, இது கடதாசியைச் சுடுற இடம்" என்றார்.

சரஸ்வதி பூசைக்குச் சாமித்தட்டைத் துடைத்தபோது, முருகன் படத்தின் பின்னாலிருந்து ஒரு திறப்பு விழுந்தது. துவக்குப் பெட்டியைப் பூட்டும் திறப்பு என்று பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் ஆட்களின் வீட்டில் வேறெங்கே வைப்பார்கள்? அனுமதி இல்லாத எவருக்கும் திறப்பு இருக்கும் இடம் தெரியக்கூடாது, தெரிந்தால் துவக்குகள் போய்விடும் என்று அண்ணையே சொல்லியிருந்தார். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தேன்.

அடுத்த மாதம் துவக்கு அனுமதிகளைப் பார்க்கும் பொலிஸ் அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண். வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்திருப்பதை அண்ணையே எழுதி அறிவித்திருந்தார். பெட்டிக் கதவில் பூசையன்று வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. அதிகாரி அதை உற்றுப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்தபடி என் பக்கம் திரும்பினார். திறப்பு எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா?

ஊரில் இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தோம்: தெரியாது. எவரைக் கேட்டாலும், எதைக் கேட்டாலும், தெரியாது. அன்று என்ன வந்ததோ. கத்தாமல், அடிக்காமல், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. "தெரியும்" என்றேன்.

மூன்று துவக்குகளையும் அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்கள். அண்ணை வெறும் பெட்டியின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார்.

"ஆமிக்காரனுக்கு ஒருநாளும் சொல்லாத உண்மையை, என்ர வீட்டுத் தேத்தண்ணி குடிச்ச மனுசிக்குச் சொன்னியேடா!"

மேலே போய் என் பையை அடுக்கினேன். அதில் எனக்குப் பழக்கம் அதிகம், கால் மணி நேரம் போதும். படியால் இறங்கும்போது அண்ணை குறுக்கே நின்றார். "எங்க போறாய்? துவக்கும் போச்சு. நீயும் போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? பையை வைச்சிட்டு வா."

இலக்கம் அமுக்கித் திறக்கும் பெட்டி ஒன்று வாங்கினார். சுவரில் நாங்கள் இருவரும் சேர்ந்தே இறுக்கினோம். இலக்கம் போடும் நேரம் என்னைத் தெருவுக்கு அனுப்பினார். "மூலைக்கடை வரைக்கும் போ. போய்ப் பத்து நிமிசம் நிண்டிட்டு வா." சில வாரங்களில் துவக்குகள் திரும்பி வந்தன. நான் அந்த அறையில் ஆறு வருடம் இருந்தேன்.

போன மாசியில் அண்ணை நெஞ்சுவலியில் போய்விட்டார். செத்தவீடு முடிந்த கிழமை, துவக்குகளை எடுத்துப்போக அதே அதிகாரி வந்தார், தலை இப்போது நரைத்திருந்தது. பெட்டியைத் திறக்க ஒருவராலும் முடியவில்லை. இலக்கம் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

இந்தச் சொல்லை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையாக இருந்தது அன்றுதான். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். மறுகேள்வி கேட்காமல், பெட்டியை வெட்டுவதற்கு ஆளைக் கூப்பிட்டார்.